ஆளில்லாத மலை

ஸஹீஹுல் புஹாரியின் வியாபாரம் பற்றிய பகுதியில் ஓர் ஓவியர் வருகிறார். பெயர் சொல்லப்படவில்லை. கைத்தொழில்தான் தன் பிழைப்பு, இந்த உருவங்களைச் செய்தே வாழ்கிறேன் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து சொல்கிறார். உருவம் செய்தவன் அதற்கு உயிரூதும் வரை வேதனை செய்யப்படுவான், அவனால் ஒருபோதும் உயிரூத முடியாது என்று நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை இப்னு அப்பாஸ் எடுத்துரைக்கிறார். அந்த மனிதருக்கு மூச்சு முட்டுகிறது. முகம் வெளிறிப்போகிறது. அதைக் கண்டபிறகுதான் இப்னு அப்பாஸ் ஒரு வழி திறந்துவிடுகிறார். செய்தே தீரவேண்டுமென்றால் மரத்தையும் உயிரில்லாத மற்றவற்றையும் செய்துகொள்ளச் சொல்கிறார்.

நம்மில் பலரும் இந்த ஹதீஸை ஒரு தடையாகவே கேட்டு வளர்ந்தோம். எனக்கு இப்போதெல்லாம் இது, ஒரு தொழிலாளியின் வெளிறிய முகத்தைப் பார்த்து இரங்கிய ஓர் அறிஞரின் செய்தியாகவும் படுகிறது. புஹாரி இமாம் இதைக் கொண்டுபோய் வியாபாரப் பாடத்தில் வைத்திருக்கிறார். வந்தவர் கேட்டது சோற்றுக் கேள்வி.

பதுளையில் எனக்கு நெருக்கமான ஓவியர் ஒருவர் இருக்கிறார். தன் பெயர் அச்சில் வருவதை விரும்பமாட்டார். நானும் மற்றவர்களும் அவரை நானா என்றே அழைப்போம். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதித் தொழில் தொடங்கியவர். கணினியில் அடித்த பெனர்கள் வந்து பலகைத் தொழில் படுத்துப்போன பின், சிறுவயதிலிருந்தே கைவசம் வைத்திருந்த நிலக்காட்சி ஓவியத்தைப் பிழைப்பாக்கிக்கொண்டார். விடியற்காலை நமுனுகுல, துன்ஹிந்தையின் நீர்ப்புகை, தெமோதரைப் பக்கத்துப் பாலங்கள், மழை ஓய்ந்த தேயிலைச் சரிவுகள். எல்லவிலும் பண்டாரவளையிலும் உள்ள தங்குமிடங்களின் சுவர்களில் அவை தொங்குகின்றன. அவற்றில் ஒரு மனிதரும் இல்லை, ஒரு காகம்கூட இல்லை. கேட்டால் இப்னு அப்பாஸைத்தான் சொல்வார்.

பல வருடங்களாக எனக்கும் அது போதுமான பதிலாகவே இருந்தது. ஒருநாள் ஸ்பிரிங்வெலிப் பக்கத்து மலையொன்றை அவர் வரைந்துகொண்டிருக்கையில் பக்கத்தில் இருந்தேன். எங்கள் கண்ணுக்கு நேரே ஒரு லயம். தகரக் கூரை, கூரைமேல் வைத்த கற்கள், இஸ்தோப்பில் காயும் உடுப்புகள், பீலியில் விழும் தண்ணீர். படத்தில் அந்த இடத்தில் தேயிலைப் பச்சை தடையின்றி ஓடியது. லயம் எங்கே நானா என்றேன்.

“பச்சைக்கு நடுவுல அந்தத் தகரம் பல்லு விழுந்த வாய் மாதிரி நிக்கும் தம்பி. அதப் போட்டா யாரு வாங்குவாங்க?”

தகரத்துக்கு உயிரில்லை. பீலிக்கும் இல்லை. கொடியில் காயும் உடுப்புக்கும் உயிரில்லை. மார்க்கம் இவற்றில் எதையும் தடுக்கவில்லை. தடுத்தது வாங்குபவரின் கண். ஆனால் மனிதரை வரையாததற்கும் மனிதர் வாழும் இடத்தை வரையாததற்கும் நானாவிடம் ஒரே காரணம்தான் இத்தனை காலமும் இருந்தது. அதை நானும் கேள்வியின்றி ஏற்றிருந்தேன். ஒரு ஹுக்மின் நிழலில் வேறொரு விருப்பம் வந்து ஒதுங்கிக்கொள்வது நம் வாழ்வில் வேறு இடங்களிலும் நடப்பதுதான்.

வாங்குபவருக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது? இத்தீவில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அன்ட்ரூ நிக்கல் என்ற ஐரிஷ் ஓவியர் 1804இல் பெல்பாஸ்ட் நகரில் ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். அச்சகத்தில் பயிலுநராக இருந்து, தானாகவே வரையக் கற்றுக்கொண்டவர். கடற்கரையை வரையும்போது முன்னே காட்டுப்பூக்களைப் பெரிதாக வைத்து, அவற்றின் ஊடே தூரத்துக் கரை தெரியும்படி செய்வது அவருடைய தனி அழகு. 1846இல் கொழும்பு அக்கடமியில், அதாவது இன்றைய றோயல் கல்லூரியில், சித்திரம் கற்பிக்க வந்தார். அவருக்கு ஆதரவாளராக இருந்தவர் அதே பெல்பாஸ்ட்டைச் சேர்ந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், அப்போதைய குடியேற்றச் செயலாளர்.

1848இல் நிக்கல் இலங்கைக் காடுகளில் ஐந்து வாரம் சித்திரப் பயணம் செய்தார். அதைப் பற்றி 1852இல் டப்ளின் சஞ்சிகையொன்றில் எழுதினார். அதே 1848இல்தான் துப்பாக்கிக்கும் நாய்க்கும் தெருவுக்கும் வரி விதித்த அரசுக்கு எதிராக மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. குடாபொல தேரர் காவியுடையோடு கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். டெனன்ட் அந்த அரசின் முன்னணியில் இருந்தவர். அந்த வருடங்களில்தான் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியக் கூலியாட்கள் கோப்பித் தோட்டங்களை நோக்கி வறண்ட காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். நிக்கலின் நீர்வர்ணத்தில் இடிபாடுகளும் கொடிகளும் ஒளியும் மிக அழகாக விழுந்திருக்கின்றன. அவர் பொய்யர் அல்லர். தன் கண் தேடியதைக் கண்டு வரைந்தார். 1859இல் வந்த டெனன்ட்டின் இரண்டு பாக நூலுக்கு அவருடைய சித்திரங்கள் அணிசெய்தன. அந்த நூல் குறுகிய காலத்துக்குள் பல பதிப்புகள் கண்டது. இலங்கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தூர தேசத்தில் ஒரு கண் பழக்கப்பட்டது.

அந்தக் கண்ணின் பிறப்பிடம் இங்கிலாந்து. ஜோன் கொன்ஸ்டபிளை எடுத்துக்கொள்வோம். 1776இல் சபோக் நாட்டுப்புறத்தில், மாவாலை நடத்திய வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் ஆலை, அதன் மதகு, ஆற்றில் போகும் தோணி, வில்லோ மரங்கள் இவையே வாழ்நாள் முழுக்க அவருடைய பொருள். 1821இல் வரைந்த வைக்கோல் வண்டி ஓவியம் 1824இல் பாரிஸில் தங்கப் பதக்கம் பெற்றது. ஹம்ஸ்டெட் குன்றில் நின்று மேகங்களை மட்டும் வரைந்து, பல படங்களின் பின்புறத்தில் திகதியையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்துவைத்தார். நிலத்தை அவ்வளவு நேசித்தவர் அபூர்வம். ஆனால் 1980இல் ஜோன் பாரல் என்ற ஆய்வாளர் எழுதிய நூலொன்று அந்தப் படங்களில் கூலியாட்கள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு சிறிதாக நிற்கிறார்கள் என்று எடுத்துக் காட்டியது. 1822இல் கிழக்கு இங்கிலாந்தின் கிராமங்களில் பட்டினிக் கூலிகள் வைக்கோற்போர்களை எரித்தார்கள், கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். கொன்ஸ்டபிளின் வானத்தில் அந்தப் புகை இல்லை. காற்றின் திசையைக் குறித்தவருக்குப் புகை தெரியாமல் இருந்திருக்காது.

ஊவாவிலோ நிலத்தை ஆளில்லாமல் ஆக்கும் வேலை தூரிகைக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1817–18 கிளர்ச்சியின் தொடக்கத்தில் நம்மவர் ஒருவரின் பெயரும் உண்டு. வெல்லஸ்ஸைக்கு முஹாந்திரமாக ஹாஜி மரிக்காரை ஆங்கிலேயர் நியமித்தது கண்டிப் பிரதானிகளின் கசப்பைக் கூட்டியது. 1817இல் பதுளையின் உதவி ரெசிடன்ட் வில்சன் கொல்லப்பட்டார். ஹாஜி மரிக்காரும் கொல்லப்பட்டார். பிறகு வந்த அடக்குமுறையில் ஊர்கள் எரிந்தன, கால்நடைகள் அழிந்தன, குளங்கள் உடைந்தன. இலட்சம் வயல் என்று பொருள்படும் வெல்லஸ்ஸை காடேறியது. அடுத்த வருடம், 1819இல், 73ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த லிட்டில்டன் என்ற இளநிலை அதிகாரி வரைந்த காட்சிகள் லண்டனில் அச்சாகின. கண்டியும் அதன் சுற்றுப்புறமும் அவற்றில் சாந்தமாக இருந்தன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் அரசின் சொத்தாக்கியது. காட்சியில் ஆளில்லாவிட்டால் காணியிலும் ஆளில்லை. கோப்பி வந்தது, அது நோயில் அழிந்ததும் தேயிலை வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையைப் பச்சையாக்கியவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள், மிச்சத்தைப் பின்னர் பார்த்துக்கொள்வதாக விட்டார்கள். பதுளைக் கோச்சியில் அழுதுகொண்டு போனவர்களை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போன பெரியவர்கள் நம் வீடுகளிலும் இருந்தார்கள்.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பதுளை, பசறை, லுணுகல, ஹப்புத்தளை, வெலிமடைக் கடைத்தெருக்களில் நாம் பெரும்பாலும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று மலையைப் பார்த்தவர்கள். சம்பள நாளில் மலை இறங்கி வரும். கொப்பியில் கடன் எழுதுவோம். மறுநாள் மலை தன் இடத்துக்குப் போய்விடும், நமக்கு அது மறுபடியும் காட்சியாகிவிடும். கடன் கொடுத்து ஆபத்தில் உதவியவர்கள் நம்மில் இருந்தார்கள். தராசைச் சற்றே சரித்தவர்களும் இருந்தார்கள். தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கையில் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஸூரத்துல் முதஃப்பிஃபீன் நினைவுக்கு வரும். அந்த ஸூரா துரைக்கு மட்டும் இறங்கியதல்ல என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.

இப்படிச் சொல்லும்போது ஒரு மறுப்பு எழும். நானாவே எழுப்பினார். மலை அழகாக இருப்பது அதன் குற்றமா? ஸூரத்துல் காஷியாவில் அல்லாஹ் ஒட்டகத்தையும் வானத்தையும் நாட்டப்பட்ட மலைகளையும் விரிக்கப்பட்ட பூமியையும் பார்க்கச் சொல்கிறானே, அந்தப் பார்வைக்கு எல்லாம் துயரம் சேர்க்க வேண்டுமா? நியாயமான கேள்வி. ஜூலை பிறந்து கச்சான் வீசத் தொடங்கினால் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி வாசனை ஏறும். அந்த மாதங்களில் மலையின் நிறமே வேறு. அதை முதலில் கண்டுகொள்பவள் கொழுந்து பறிப்பவள்தான். தன் நிரையிலிருந்து அவள் நிமிர்ந்து பார்க்கும் மலையும் அழகானதுதான். அந்த அழகை அவளிடமிருந்து பிடுங்கித் துயரத்தை மட்டும் அவளுக்கு விட்டுவைப்பதும் ஓர் அநியாயமே. தெளிவத்தை ஜோசப்பை நினைத்துக்கொள்கிறேன். பதுளைப் பக்கத்தில் பிறந்து, தான் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, 2022இல் மறையும்வரை எழுதியவர். அந்த மலைகளை வெறுப்பவர் அப்படிப் பெயர் வைத்துக்கொள்ளமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. படத்தில் ஆளைக் கொண்டுவந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. தேயிலைப் பெட்டிகளின் மேல் கூடையோடு சிரிக்கும் பெண் நூறு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். லிப்டன் சீட்டுக்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் போகும் பயணிகள் கொழுந்து பறிப்பவர்களை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், கையில் காசு வைக்கிறார்கள். அந்த முகங்கள் அலங்காரமாக்கப்படுவதைப் பார்த்தால், முகத்தை வரைவதில் நம் மார்க்கத்துக்கு இருந்த கூச்சம் ஒரு மரியாதையாகக்கூடத் தோன்றுகிறது.

டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் கண்ணாடிக்கல் சித்திரங்களை நான் நூல்களில்தான் பார்த்திருக்கிறேன். கலீபா அல்வலீத் காலத்தில், 706க்கும் 715க்கும் இடையில் கட்டப்பட்ட பள்ளி. தங்கப் பின்னணியில் ஓர் ஆறு ஓடுகிறது. பேருயர மரங்கள், பாலம், மாளிகைகள், அவற்றின் பக்கத்தில் சிறுசிறு வீடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. மனிதரோ மிருகமோ ஒன்றுமில்லை. சிலர் அதைச் சுவர்க்கம் என்கிறார்கள், சிலர் டமஸ்கஸின் பரதா நதி என்கிறார்கள். நம் மரபின் மிகப் பழைய நிலக்காட்சிகளில் ஒன்று அது. அதைச் செய்தவர்கள் உயிருள்ளதை விலக்கினார்கள், வீடுகளை விலக்கவில்லை. ஆள் இல்லாத அந்தச் சுவரில், இப்போதுதான் யாரோ உள்ளே போனதுபோல் வாசல்கள் இருக்கின்றன. இதை நான் நானாவிடம் சொன்னேன். படத்தை நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. சில நாட்களின் பின் நானா என்னைக் கூப்பிட்டனுப்பினார். தியலும நீர்வீழ்ச்சியை வரையப் போன ஒரு பயணத்தில், கொஸ்லாந்தைப் பக்கத்து மலைச்சரிவு ஒன்றையும் அவர் முன்பு வரைந்திருந்தார். விற்காமல் கிடந்த அந்தப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். இது அந்த மலைதானா தம்பி என்றார். இருவரும் பத்திரிகைப் படங்களைப் பக்கத்தில் வைத்துத் தேடினோம். மரங்களை அவர் பிசகின்றி வரைபவர். பாறையின் பிளவுகள்கூட இருந்தன. ஆனால் எங்கே லயம், எங்கே கோயில், எங்கே ஒற்றையடிப்பாதை என்பதற்குப் படத்தில் ஒரு புள்ளியும் இல்லை. இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மலைதானா இல்லையா என்பதும் தெரியாமலே போயிற்று.

“நான் பார்த்த எடம் தம்பி. நின்டு பார்த்து வரஞ்ச எடம்.”

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அவர் மலை வரையவில்லை. மறுபடி தொடங்கியபோது முதலில் வந்தது ஒரு கூடை. மடுவத்துச் சுவரில், பறிப்பு முடிந்து கவிழ்த்து வைத்த கூடை, பக்கத்தில் ஒரு மட்டக்கம்பு, ஆணியில் தொங்கும் படங்கு. கூடையின் கயிற்றில், தலையில் பதியும் இடத்தில் சுற்றிய துணி எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. வரைவதற்கு முன் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டிருக்கிறார். கூடைக்கு ஏது உயிர் என்று அவர் சிரித்தாராம். அந்தத் துணியைப் பார்த்திருந்தால் அவ்வளவு இலேசாகச் சிரித்திருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிறகு லயங்கள் வந்தன. தகரம், கல், புகை படிந்த சுவர், வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள், பிரட்டுக்களத்து வெறுமை. எல்லாம் இப்னு அப்பாஸ் திறந்துவிட்ட வழிக்குள்ளேயே. ஆனாலும் எனக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது. ஓர் ஆயுளை ஒரு செருப்பில் காட்டிவிட்டோம் என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்ளலாமா? அந்தச் செருப்புக்குரியவள் தன்னைப் பற்றி என்ன வரைவாள்? ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம் போன்றவர்கள் அதற்குத் தங்கள் பதிலைத் தருகிறார்கள். பாவித்த தேயிலைப் பைகளையும் தேயிலைக் கறையையுமே ஓவியப் பொருளாக எடுத்துக்கொண்டவர் அவர். தூரத்து மலை அங்கே இல்லை. கறை இருக்கிறது. நகரத்தில் நின்று மலையை வரையும் நானாவின் படத்தையும் அதையும் ஒரு தட்டில் வைக்கமுடியாது. நானாவுக்கும் அது தெரியும். நான் பார்த்த பக்கத்தைத்தான் நான் வரையலாம், அங்கிருந்து தெரிவதை மறைக்காமல் இருந்தால் போதும் என்பார். போதுமா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

2025 நவம்பர் கடைசியில் தித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தையே பெயர்த்துப் போட்டது. எத்தனையோ மலைகள் ஒரே இரவில் வடிவம் மாறின. பாதைகள் திறந்தபின் நானா வரைந்த படங்களில் மலைச்சரிவில் செம்மண் காயங்கள் வருகின்றன. அவற்றுக்குக் கீழே இருக்கும் லயங்களை எண்ணி வரைகிறார். எட்டுக் காம்பிரா என்றால் எட்டு வாசல்.

அவற்றில் ஒன்றை, பண்டாரவளைப் பக்கத்தில் தங்குமிடம் நடத்தும் நம்மவர் ஒருவர் பார்த்து விரும்பினார். நல்ல விலையும் சொன்னார். மலை அருமை, மூடுபனி அருமை, முன்னால் இருக்கும் அந்த லயத்தை மட்டும் கொஞ்சம் பச்சையால் மூடித் தந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மகளின் கலியாணச் செலவு கழுத்தில் இருக்கும் நேரம். யோசித்துச் சொல்கிறேன் என்று நானா அனுப்பிவைத்தார். நான் கடைசியாகப் போனபோது பச்சை வர்ணம் தட்டில் கரைத்தபடி காய்ந்துபோயிருந்தது. படம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதைத் திருப்பிப் பார்க்க நான் துணியவில்லை. இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வேறு எதையோ கதைத்துக்கொண்டிருந்தோம்.